சிவப்பு சிடார் படுத்தும் பாடு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைச் சரிசெய்ய

வார்னிஷ் காயவில்லை, வாசனை போய்விட்டது, பெட்டிக்குள் பிசுபிசுப்பு, பசை விட்டுவிட்டது. சிவப்பு சிடாரில் வேலை செய்பவர்கள் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் இவைதான். எல்லாம் வேறு வேறு கோளாறு மாதிரி தெரியும். கிளறிப் பார்த்தால் ஒரே இடத்தில் போய் நிற்கும்: மரத்துக்குள் இருக்கும் எண்ணெய். அந்த வாசனைக்காகத்தான் இந்த மரத்தைத் தேடி வாங்குகிறோம். வாசனை என்பதே அந்த எண்ணெய்தான். அதே எண்ணெய்தான் வார்னிஷைக் காயவிடாது, பசையைப் பிடிக்கவிடாது, உப்புத்தாளை அடைக்கும். அதனால் எந்தக் கோளாறு வந்தாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த இடத்தில் எண்ணெய் வெளியே வர வேண்டுமா, உள்ளேயே அடங்கி இருக்க வேண்டுமா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதலில்: கையில் இருப்பது எந்த சிடார்?

இதைச் சரிபார்க்காமல் கீழே உள்ள எதையும் செய்யாதீர்கள். சிடார் என்ற பெயரில் வெவ்வேறு இனத்தைச் சேர்ந்த பல மரங்கள் விற்பனைக்கு வருகின்றன. நான் இங்கே பேசுவது வட அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் வளரும் ஜூனிபெரஸ் வர்ஜினியானா. 1753-இல் லின்னேயஸ் பெயரிட்ட மரம். பெயரில்தான் சிடார், உண்மையில் இது ஜூனிபர். லெபனான் சிடார், நம் தேவதாரு போன்றவைதான் உண்மையான சிடார் இனம். மேற்கத்திய சிவப்பு சிடார் என்று விற்கப்படும் தூயா பிளிக்காட்டா இன்னொரு தனி மரம்.

பிரித்தறிவது கடினமில்லை. நம்முடைய மரத்தைப் புதிதாக இழைத்தால் வைரப்பகுதி (மரத்தின் உள்ளே இருக்கும் முதிர்ந்த பகுதி) ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். அதன் ஓரத்திலேயே, சில சமயம் நடுவிலேயும், கிட்டத்தட்ட வெள்ளையாகப் பட்டை பட்டையாக வெளிறு (வைரத்தைச் சுற்றியுள்ள இளம் மரம்) ஓடும். சிறு கணுக்கள் ஏராளம். மேற்கத்திய சிடாரில் நிறம் பழுப்பு கலந்த இளஞ்சிவப்பு, கணு குறைவு, கையில் தூக்கினால் தக்கை மாதிரி இருக்கும். காய்ந்த நிலையில் அது கன மீட்டருக்கு 370 கிலோ அளவில்தான் வரும். நம்முடையது சுமார் 530 கிலோ. சந்தேகம் தீரவில்லை என்றால் மூக்கை நம்புங்கள். பழைய பென்சிலைச் சீவும்போது வரும் வாசனைதான் இதன் வாசனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல பென்சில்களுக்கு இந்த மரத்தைத்தான் பயன்படுத்தினார்கள். நேரான, கணுவில்லாத பெரிய மரங்கள் அரிதான பிறகுதான் பென்சில் தொழில் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வளரும் இன்சென்ஸ் சிடார் என்ற மரத்துக்கு மாறியது. இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் கணு நிறைந்த பலகை. பின்னால் வரும் சில தொல்லைகளுக்கு அதுவே காரணம்.

வார்னிஷ் மூன்று நாளாகியும் பிசுபிசுக்கிறது

கட்டைவிரலை வைத்து எடுத்தால் ரேகை அப்படியே பதிந்து நிற்கும். கணு இருக்கும் இடங்களில் இன்னும் மோசம். மற்ற இடம் காய்ந்திருந்தாலும் கணுவைச் சுற்றி மட்டும் ஈர வளையம் மாதிரி பளபளக்கும். அதிக நாள் விட்டால் சரியாகிவிடும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. காத்திருக்காதீர்கள். ஒரு வாரத்தில் காயாதது ஒரு மாதத்தில் காய்ந்தாலும் உறுதியாக இருக்காது. நகம் பட்டால் சுருண்டு வரும்.

நடப்பது இதுதான். எண்ணெய் வகை வார்னிஷும் பாலியூரிதேனும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகின்றன. சிடார் எண்ணெயில் இருக்கும் செட்ரீன், தூயோப்சீன், செட்ரால் போன்ற பொருட்கள் அப்படிச் சீக்கிரம் இறுகக்கூடியவை அல்ல. ஈரமான பூச்சுக்குள் அவை கீழிருந்து ஏறி வந்து கலந்துவிடும். பூச்சு இளகலாகவே நின்றுபோகும்.

சரிசெய்யும் முறை:

1. பிசுபிசுக்கும் பூச்சை முழுக்க எடுத்துவிடுங்கள். முதலில் சுரண்டு தகடு, அப்புறம் தின்னர் நனைத்த துணி. உப்புத்தாளை இந்தக் கட்டத்தில் தொடாதீர்கள், ஒரு நிமிடத்தில் அடைந்துவிடும்.

2. பலகையை ஒரு நாள் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். தின்னர் முழுதாகப் போக வேண்டும்.

3. 180-ஆம் எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துத் தூசி துடைத்துவிட்டு, அசிட்டோன் அல்லது ஸ்பிரிட்டால் ஒருமுறை துடையுங்கள். மேற்பரப்பில் இருக்கும் எண்ணெய் இதில் போகும். ஆழத்தில் இருப்பது மறுபடி ஏறி வரும் என்பதால் அடுத்த வேலையை உடனே ஆரம்பிக்க வேண்டும்.

4. மெழுகு நீக்கிய அரக்கு பாலிஷ், மெல்லியதாக இரண்டு கை. அரக்கு ஸ்பிரிட்டில் கரைந்திருப்பது. ஸ்பிரிட் ஆவியானால் அது காய்ந்துவிடும், ஆக்சிஜனுக்குக் காத்திருக்காது. அதனால் சிடார் எண்ணெயால் அதைத் தடுக்க முடியாது. காய்ந்த பிறகு எண்ணெய் மேலே வராமல் அதுவே மதில் மாதிரி நிற்கும். கணுக்களின் மேல் மட்டும் மூன்றாவது கை கொடுங்கள்.

5. 320-இல் ஒரு தடவல், பிறகு நீங்கள் நினைத்திருந்த வார்னிஷ்.

மெழுகு நீக்கிய என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சாதாரண அரக்கில் இயற்கையாகவே மெழுகு இருக்கிறது. அதன் மேல் பாலியூரிதேன் போட்டால் காய்ந்துவிடும், ஆனால் பிடிப்பு இருக்காது; சில மாதத்தில் தாள் மாதிரி உரிந்து வரும். ஒரு தொல்லையைத் தீர்க்கப் போய் இன்னொன்றை விலைக்கு வாங்குவது அது. அரக்குக் கரைசலைக் கண்ணாடிக் குப்பியில் ஒரு நாள் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்தால் அதுதான் மெழுகு. மேலே தெளிந்திருப்பதை மட்டும் இறுத்து எடுத்துக்கொள்ளலாம்.

பெரிய வேலையில் இறங்கும் முன் அதே பலகையின் துண்டு ஒன்றில், கணு இருக்கும் துண்டாகப் பார்த்து, முழு முறையையும் ஒருமுறை செய்து பாருங்கள். மரத்துக்கு மரம் எண்ணெய் அளவு வேறுபடும். நான் இன்னும் ஒவ்வொரு முறையும் செய்து பார்க்கிறேன்.

வெளிப்பக்கம் நன்றாகக் காய்ந்தது, பெட்டியின் உள்பக்கம் மட்டும் ஒட்டுகிறது

உள்ளே வார்னிஷ் அடித்திருக்கிறீர்கள். அடிக்கக் கூடாது. அரக்குகூட வேண்டாம்.

இதை நான் பாடமாகக் கற்றது என் முதல் பெட்டியில். அழகாக இருக்கட்டும் என்று உள்ளேயும் வெளியேயும் லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சைப் பூசினேன். மூடி வைத்து இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் மூடி சட்டென்று வரவில்லை. ‘பட்’ என்று பிரிந்து வந்தது. உள்ளே வைத்திருந்த கம்பளிப் போர்வையின் மடிப்பு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்து எடுத்த இடத்தில் நெசவின் தடம் லாக்கரில் அச்சு வார்த்த மாதிரி பதிந்திருந்தது. மூடிய பெட்டிக்குள் சிடார் ஆவி வெளியே போக வழியில்லாமல் தேங்கும். காய்ந்து இறுகிய பூச்சைக்கூட அது நாளடைவில் இளக வைத்துவிடும். அதே காரணத்தால் ரப்பர், பிளாஸ்டிக் பொருட்கள், புகைப்பட ஆல்பம், பெயின்ட் அடித்த பொம்மை எதையும் சிடார் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

தீர்வு: உள்பூச்சைச் சுரண்டி எடுத்து வெறும் மரமாக விடுவது. மூடியும் பெட்டியும் தொடும் விளிம்பையும் சேர்த்துத்தான். வேறு குறுக்குவழி இல்லை.

பூச்சே இல்லாத உள்பக்கத்தில் பிசின் மாதிரிப் புள்ளிகள், வெள்ளைப் பொடி

இது வேறு. பூச்சு அடிக்காத பெட்டியிலும் கணுக்களின் அருகே தேன் நிறத்தில் பிசுக்கு தோன்றும். சில நேரம் வெள்ளையாக மெல்லிய படிகங்கள் தெரியும்; பூஞ்சை என்று பயந்துபோய்ப் பெட்டியைத் தூக்கி வெயிலில் போடுபவர்கள் உண்டு. எண்ணெயின் ஒரு கூறான செட்ரால் சாதாரண வெப்பநிலையில் திடமாக, படிகமாக இருக்கும் பொருள். விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள்: சிடார் வாசனை தூக்கலாக அடித்தால் எண்ணெயிலிருந்து வந்தது. மக்கல் வாடை அடித்து, பஞ்சு மாதிரி இருந்தால்தான் பூஞ்சை.

பிசுக்கை உடனே துடைப்பது நல்லது. இந்த எண்ணெய் காற்றில் நாள்பட்டால் கோந்து மாதிரி தடித்துப் பிறகு கெட்டியாகும். அக்காலத்து நுண்ணோக்கிகளில் கண்ணாடி வில்லைக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே சிடார் எண்ணெயைத்தான் ஒரு சொட்டு விடுவார்கள். தடிக்க வைத்த சிடார் எண்ணெயின் ஒளிவிலகல் எண் சுமார் 1.515, கண்ணாடிக்கு வெகு அருகில். வேலை முடிந்ததும் துடைக்காமல் விட்டால் எண்ணெய் வில்லையில் இறுகி ஒட்டிக்கொள்ளும். துடைக்கச் சொல்லி அங்கே வற்புறுத்துவார்கள். பெட்டிக்கும் அதே விதிதான். டர்பன்டைன் அல்லது ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து, பெட்டியை நாள் முழுக்கத் திறந்து வைத்து ஆற விடுங்கள். தொடர்ந்து ஒரே கணுவிலிருந்து கசிந்தால் அந்தக் கணுவின் மேல் மட்டும் சன்னமாக அரக்கு தடவலாம். உள்ளே எதுவும் பூசக் கூடாது என்பதற்கு நான் வைத்திருக்கும் ஒரே விதிவிலக்கு இது.

வாசனை போய்விட்டது

உண்மையிலேயே போய்விட்டதா என்று முதலில் பாருங்கள். ஒரே அறையில் நாள் முழுக்க இருந்தால் மூக்கு பழகிவிடும். பெட்டியை ஒரு நாள் மூடி வைத்து, வெளியே போய்விட்டு வந்து, திறந்தவுடன் முகருங்கள். வீட்டுக்குப் புதிதாக வந்தவரை முகரச் சொன்னால் இன்னும் நல்லது.

போய்விட்டது என்றால், பெரும்பாலும் மேல்தோலில் மட்டும்தான். மேற்பரப்பிலுள்ள எண்ணெய் ஆவியாகிப் போனதும் மரத்தின் நுண்துளைகள் ஒருமாதிரி அடைந்து நிற்கும். அதற்குக் கீழே எண்ணெய் இருக்கத்தான் செய்கிறது. 180 அல்லது 220 எண் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, மரத்தின் ரேகை ஓடும் திசையில் கையால் லேசாகத் தேயுங்கள். மங்கிய பழுப்பு போய் அடியிலிருந்து ஊதா எட்டிப்பார்க்கும் வரை போதும். அந்த நிமிடமே வாசனை எழும். மெஷின் வைத்துத் தேய்த்தால் மெல்லிய உள்பலகை சீக்கிரம் கரைந்துவிடும். தவிர, வேகத்தில் மேற்பரப்பு சூடேறி, எதைக் காப்பாற்ற நினைக்கிறோமோ அதையே விரட்டிவிடும்.

தேய்த்தும் வாசனை வரவில்லையா? மூன்று சாத்தியம்.

உள்ளே யாரோ பூச்சு அடித்திருக்கலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்; முத்து மாதிரி உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. எடுத்தாக வேண்டும்.

நீங்கள் தேய்த்த இடம் வெளிறாக இருக்கலாம். வாசனை எண்ணெய் வைரத்தில்தான். வெள்ளைப் பகுதியில் பெயருக்குத்தான் இருக்கும். உள்பலகை வாங்கும்போது வெள்ளை அதிகம் தெரிந்தால் விலை குறைத்துக் கேட்பதைவிட, வாங்காமல் விடுவதே மேல்.

மூன்றாவது, மரத்தை அதிக வெப்பத்தில் உலர்த்தியிருக்கலாம். இந்த மரத்தைச் சூளையில் வைக்கும்போது மிதமான சூட்டில் நிதானமாக உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் எண்ணெய் நீரோடு சேர்ந்து போய்விடும். அப்படிப்பட்ட பலகையில் தேய்த்தும் பயனில்லை. சிடார் எண்ணெயை வாங்கித் தடவலாம், சில மாதம் வரும். தடவிய பிறகு மேற்பரப்பு கைக்கு உலர்வாகத் தெரியும் வரை துணி எதையும் உள்ளே வைக்காதீர்கள்.

வாசனை தூக்கலாக இருக்கிறது, ஆனாலும் கம்பளியில் ஓட்டை

இங்கே மரத்தின் மேல் தப்பில்லை, நம் எதிர்பார்ப்பின் மேல்தான். சிடார் ஆவி அடர்த்தியாக இருந்தால் துணி அந்தின் இளம் புழுக்களைக் கொல்லும். முட்டையையும் வளர்ந்த புழுவையும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டை போடுவது பறக்கும் அந்து அல்ல, புழுதான். ஏற்கெனவே முட்டை இருக்கும் துணியை உள்ளே வைத்து மூடினால், பூச்சியை வாசனையோடு குடிவைத்த கதைதான்.

ஆகவே வரிசை முக்கியம். துணியைத் துவைத்தோ உலர்சலவைக்குக் கொடுத்தோ, இல்லாவிட்டால் உறைபெட்டியில் -18 டிகிரியில் ஒரு வாரம் போட்டோ, முட்டையும் புழுவும் இல்லாமல் செய்யுங்கள். அப்புறம் சிடாருக்குள். பெட்டி காற்றுப் புகாமல் மூட வேண்டும்; இடுக்கு வழியாக ஆவி போய்க்கொண்டே இருந்தால் இளம் புழுவுக்குக்கூட உறைக்காது. துணி அலமாரியில் நாலு சிடார் உருண்டையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது இதனால்தான் பயன்படுவதில்லை.

இறுக்கமான மூடி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். மூடினால் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டைப் பெரிய பெட்டிக்குப் போடாதீர்கள். குழந்தைகள் உள்ளே ஒளிந்து மூச்சுத் திணறி இறந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1996-இல், 1912 முதல் 1987 வரை செய்யப்பட்ட சுமார் 1.2 கோடி சிடார் பெட்டிகளின் பூட்டை மாற்றச் சொல்லி அறிவிப்பு வந்தது இதற்காகத்தான். பழைய பெட்டி கைக்கு வந்தால் மற்ற எந்தப் பழுதையும் பார்க்கும் முன் பூட்டைக் கழற்றுங்கள். மூடி தடாலென்று விழாமல் தாங்கிப் பிடிக்கும் தாங்கியும் போடுங்கள்.

ஊதா நிறம் பழுப்பாகிவிட்டது

ஆகத்தான் செய்யும். என் பட்டறையில் ஒரு பலகையின் மேல் இன்னொன்றைக் குறுக்கே போட்டு ஜன்னலோரம் மறந்துவிட்டேன். எடுத்துப் பார்த்தபோது மூடியிருந்த பகுதி புதிதாக வெட்டியது போல ஊதாவாகவும், வெயில் பட்ட பகுதி தேநீர்க் கறை நிறமாகவும், இடையில் அளவுகோல் வைத்துக் கிழித்த மாதிரி கோடும் இருந்தது. ஒளியும் காற்றும் சேர்ந்து செய்வது இது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு தாமதப்படுத்தும், நிறுத்தாது. சிவப்புச் சாயம் ஏற்றி ஏமாற்றுவது எனக்குப் பிடிக்காது: வெளிறில் சாயம் கூடுதலாக ஏறி, அந்த வெள்ளை-சிவப்புப் பட்டை அழகே போய்விடும். நேரடி வெயில் படாத இடத்தில் வையுங்கள், முதிர்ந்த பழுப்பையும் அழகாக ஏற்றுக்கொள்ளுங்கள். நிறம் முக்கியமென்றால் வேலையை ஒரே மூச்சில் முடிப்பது நல்லது; பாதிப் பலகைகள் வெயில் கண்டு, பாதி காணாமல் இருந்தால் கோத்த பிறகு ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

இழைக்கும்போது கணுவைச் சுற்றிச் சில்லுச் சில்லாகப் பெயர்கிறது

கணுவின் அருகே ரேகை சுழன்று திரும்புகிறது. ஒரு பக்கம் ரேகையோடு போகும் இழைப்புளி, கணுவைத் தாண்டியதும் எதிர் ரேகையில் மாட்டும். இந்த மரம் மென்மைதான், ஆனால் நொறுங்கும் தன்மை உடையது. வளையாமல் முறியும்.

இழைப்புளித் தகட்டைப் புதிதாகத் தீட்டுங்கள். மயிரளவு ஆழத்துக்கு இறக்குங்கள். சீவல் கைரேகை தெரிகிற மாதிரி கண்ணாடியாக வர வேண்டும். இழைப்புளியைச் சற்றுக் கோணலாகப் பிடித்துத் தள்ளுங்கள். கணுவை நெருங்கியதும் நிறுத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து முடியுங்கள். அப்படியும் பெயர்ந்தால் அந்த இடத்தில் இழைப்புளி வேண்டாம். சுரண்டு தகடு எடுங்கள். கணுக்கள் மற்ற மரத்தைவிட மிகவும் கடினம், கூர்முனையில் பல் விழவைக்கும். ஒரு பலகை முடிந்ததும் தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பது வழக்கமாகட்டும்.

மெஷினில் போடுவதாக இருந்தால் ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள்.

கணு ஆடுகிறது, அல்லது விழுந்துவிட்டது

கட்டைவிரலால் ஒவ்வொரு கணுவையும் அழுத்திப் பாருங்கள். கணுவைச் சுற்றிக் கறுப்பாகப் பட்டை வளையம் இருந்தால் அது செத்த கிளையின் கணு. மரத்தோடு சேரவே இல்லை, சும்மா சொருகி நிற்கிறது. மெஷினுக்குள் போகும் முன்பே தட்டி எடுத்துவிடுவது உத்தமம், ஏனென்றால் சுழலும் பிளேடு அதைக் கல் மாதிரி வீசும். எடுத்த கணுவைப் பத்திரப்படுத்துங்கள். பட்டைத் துணுக்குகளைக் கத்தி முனையால் சுரண்டி, ஓட்டையின் அடியில் டேப் ஒட்டி, எபாக்சி ஊற்றிக் கணுவைத் திரும்ப வைத்தால் ஒட்டியதே தெரியாது. கணு தொலைந்திருந்தால் எபாக்சியில் கொஞ்சம் கறுப்பு நிறமி கலந்து நிரப்புங்கள். சிவப்பு மரத்தூளைக் கலந்த மக்கு அன்றைக்குப் பொருந்தும். மரம் பழுப்பாகும்போது அது தனியாகத் துருத்தும். கறுப்போ எந்நாளும் கணு நிறம்தான்.

ஆணி, திருகாணி போட்டால் பிளக்கிறது

முன்துளை போடாமல் இந்த மரத்தில் எதையும் அடிக்காதீர்கள். பலகை முனையிலிருந்து குறைந்தது மூன்று சென்டிமீட்டர் தள்ளி, ஆணியின் தடிமனைவிடச் சற்றுச் சிறிய துளை. ஈரம் படும் இடமென்றால் துருப்பிடிக்காத எஃகு. சாதாரண இரும்பு துருப்பிடித்துக் கறுப்பாக வழியும்.

பசை போட்ட இணைப்பு சுத்தமாகப் பிரிந்துவிட்டது

பிரிந்த முகத்தைப் பாருங்கள். மர நார் கிழிந்து வந்திருந்தால் பசை நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, மரம்தான் தாங்கவில்லை. வழுவழுவென்று பிரிந்திருந்தால் எண்ணெய்தான் காரணம். இழைத்த அன்றே ஒட்டுங்கள். நேற்று இழைத்த விளிம்பு என்றால் மறுபடி ஒரு சீவல் எடுத்து, அசிட்டோனால் துடைத்து, அது உலர்ந்த கையோடு பசை. சாதாரண வெள்ளைப் பசையே போதும்.

உப்புத்தாள் உடனே அடைகிறது, ரம்பத்தில் புகை வருகிறது

எண்ணெயும் பிசினும் சூட்டில் உருகி ஒட்டுவது. துகள்கள் இடைவெளி விட்டு ஒட்டப்பட்ட உப்புத்தாளை எடுங்கள், அழுத்தாதீர்கள், அடிக்கடி தட்டுங்கள். ரம்பப் பற்களில் பழுப்பாகப் படிந்திருப்பதை ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்த்தால் போய்விடும். பல் மழுங்கவில்லை, அழுக்காகியிருக்கிறது, அவ்வளவே.

மூடி வளைந்தது, உள்பலகைகளுக்கு இடையே சந்து

சுருங்குவதில் இது நல்ல மரம். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ஆர வாக்கில் (மரத்தின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக) 3.1 சதவீதம், தொடு வாக்கில் (ஆண்டு வளையங்களை ஒட்டி) 4.7 சதவீதம்தான். 10 சென்டிமீட்டர் அகலப் பலகையின் ஈரப்பதம் 12 சதவீதத்திலிருந்து 8-க்கு இறங்கினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் சுருங்கும். சிறியதாகத் தெரியும், ஆனால் பத்துப் பலகையை ஓரத்துக்கு ஓரம் ஒட்டினால் ஆறு மில்லிமீட்டர்.

மூடி வளைவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளியே பூச்சு, உள்ளே வெறும் மரம் என்று நான்தான் மேலே சொன்னேன். அப்படிச் செய்யும்போது இரண்டு பக்கமும் ஈரத்தை ஒரே வேகத்தில் வாங்கி விடாது. ஒரே அகலப் பலகையில் மூடி செய்தால் கிண்ணமாகக் குவியும். இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு: பெட்டியின் உடலை வேறு மரத்தில் செய்வது, உள்ளே 6 முதல் 8 மில்லிமீட்டர் சிடார்ப் பலகைகளை நாக்கும் காடியுமாகக் (ஒன்றின் நீட்டிய விளிம்பு அடுத்ததன் பள்ளத்துக்குள் நுழையும்படி) கோத்து வரிசையாக நிறுத்துவது. பசை வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் சன்ன ஆணி ஒன்றிரண்டு. பலகை தன்னிஷ்டத்துக்குச் சுருங்கி விரியும், நாக்கு காடிக்குள்ளேயே இருப்பதால் சந்து தெரியாது. தேய்ந்தால் ஒன்றைக் கழற்றி மாற்றலாம். முழுக்கச் சிடாரிலேயே வேண்டும் என்றால் மூடியைச் சட்டமும் நடுப்பலகையுமாகச் செய்து, நடுப்பலகையைக் காடிக்குள் மிதக்க விடுங்கள்.

வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை

எண்ணெய் நேரடியாகப் பட்டது. துவைத்த பருத்தித் துணியை உள்ளே விரித்து, அதற்குள் சுற்றி வையுங்கள். ஆவிக்கு அது தடையில்லை.

வெளியில் நட்ட கம்பம், பறவைக்கூண்டு அழுகுகிறது

வெள்ளைப் பகுதி மட்டும் போயிருக்கும், பாருங்கள். வைரம் கரையானையும் அழுகலையும் நன்றாகத் தாங்கும். வெளிறுக்கு அந்தச் சக்தி இல்லை. மண்ணில் இறங்கும் பகுதியில் வெளிறைச் சீவி எடுத்துவிட்டு நடுங்கள்.

மூக்கில் நீர், கண் எரிச்சல், இரவில் இருமல்

மரத்தின் கோளாறு எதுவானாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இதை இன்றே பாருங்கள். நல்ல வாசனை என்பதால் தூசியும் நல்லது என்று நினைக்கிறோம். சிடார்த் தூள் மூக்கையும் தோலையும் உறுத்தும். பழகப் பழக ஒவ்வாமை குறையாது, கூடும். மேற்கத்திய சிவப்பு சிடாரில் உள்ள பிளிக்காட்டிக் அமிலம் தச்சர்களுக்கு ஆஸ்துமா வரவழைப்பது நன்றாக அறியப்பட்டது. வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாமல், மாலையிலோ நடுஇரவிலோ இருமலும் இழுப்பும் வருவது அதன் அடையாளம். அதனால்தான் எந்த சிடார் என்பதை முதலிலேயே பார்க்கச் சொன்னேன். எதுவானாலும் என்95 முகமூடி, தூசி இழுக்கும் குழாய், ஜன்னல் திறப்பு மூன்றும் இருக்கட்டும். விடுமுறையில் குறைந்து, பட்டறைக்குத் திரும்பினால் மறுபடி வரும் இருமல் என்றால் மருத்துவரிடம் போய் மரத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சேரும் சீவலைத் தூக்கிப் போட மனம் வராது. பருத்திப் பையில் கட்டிக் காலணி அலமாரியில் வைக்கலாம். முயல், வெள்ளெலி, கினிப் பன்றிக் கூண்டுகளில் மட்டும் பரப்பாதீர்கள்: சிடார் படுக்கையில் வைத்த எலிகளின் கல்லீரல் நொதிகள் மாறுவதை 1967-லேயே ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். மூடிய கூண்டில் நாள் முழுக்க அந்த ஆவியைச் சுவாசிக்கிற சின்ன உயிருக்கு, பைன் சீவலும் வேண்டாம். கிழித்த காகிதம் போதும்.